லாக்கின் ‘ஐடியா’வுக்குத் தமிழில் ஒரே சொல்லா, இடத்துக்கு ஒரு சொல்லா?

தருமபுரி வாசகர்:
தருமபுரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’யைப் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிப் படிக்கிறோம். ‘ஐடியா’ வரும் இடத்திலெல்லாம் விவாதம் நின்றுவிடுகிறது. ‘கருத்து’ என்று வைத்தால் வெண்மை, சூடு பற்றிய பகுதிகளில் ஒட்டவில்லை. ‘எண்ணம்’ என்றால் பொதுச்சொற்கள் பற்றிய அதிகாரத்தில் இடிக்கிறது. இடத்துக்கு ஒரு சொல் போடலாமா?

பழையபேட்டை, கிருஷ்ணகிரி:
போடாதீர்கள், வாதம் கைநழுவிவிடும். முதல் புத்தகம், முதல் அதிகாரம், 8ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் சிந்திக்கும்போது அறிவின் முன் நிற்பது எதுவானாலும் அது ஐடியா என்கிறார். இத்தனை முறை அதைப் பயன்படுத்துவதற்கு அங்கேயே வாசகரிடம் மன்னிப்பும் கேட்கிறார். அந்த அகலம் அவருக்குத் தேவை. இப்போது கண்ணில் படும் வெண்மை, நாளைக்கு நினைவில் வரும் வெண்மை, பாலுக்கும் சுண்ணாம்புக்கும் பொதுவான வெண்மை மூன்றும் அனுபவத்திலிருந்து கிளைத்த ஒரே இனம் என்று அவர் காட்டியாக வேண்டும். மூன்று சொல் போட்டால் அந்த உறவு தமிழில் தெரியாது.

தமிழ்ப் பத்தியில் ‘ஐடியா’ என்றே வைத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் குறியிடுங்கள்: பு (புலனில் இப்போது படுவது), நி (நினைவில் மீள்வது), பொ (பொதுக்கருத்து), ப (பொருளின் பண்பு). பேச்சுத்தமிழில் ஐடியா என்றால் ‘உபாயம்’. அந்தப் பொருள் இங்கே இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எந்தக் குறி என்று சந்தேகம் வந்தால், அந்த வாக்கியத்தில் ஐடியா எதற்கு எதிராக நிறுத்தப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அகராதியைவிட அது சரியாக வழிகாட்டும்.

அதிகம் தடுமாறும் இடம் 2ஆம் புத்தகம், 8ஆம் அதிகாரம். பனிக்கட்டி உருண்டையை எடுத்துக்கொண்டு, வெண்மை, குளிர்ச்சி, உருண்டை என்ற ஐடியாக்களை நம்மிடம் எழுப்பும் ஆற்றலைப் ‘பண்பு’ என்கிறார். மனத்தில் இருப்பது ஐடியா, பொருளில் இருப்பது பண்பு. அடுத்த மூச்சிலேயே, பொருளுக்குள் ஐடியா இருப்பதுபோல் எங்காவது எழுதினால் பண்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ப என்ற குறி அதற்காகத்தான்.

ஓசூர்க்காரன்:
இந்தச் சிக்கல் லாக்கோடு தொடங்கியதில்லை. 1641இல் வந்த ‘தியானங்கள்’ முன்னுரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தே இந்தச் சொல்லின் இரட்டைப் பொருளைத் தானே சொல்கிறார்: ஒன்று மனத்தின் செயல், மற்றொன்று அந்தச் செயல் காட்டும் பொருள். மூன்றாம் தியானத்தில் வரும் ‘அப்ஜெக்டிவ் உண்மை’யை ‘புறவய உண்மை’ என்று எழுதினால் தலைகீழாகிவிடும். அவருக்கு அது ஐடியாவுக்குள் காட்டப்படும் அளவிலான உண்மை. வெளியே உள்ளபடி இருப்பது ‘ஃபார்மல்’. இன்றைய வழக்கு அப்படியே எதிர்த்திசையில் போகிறது.

லாக்குக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739இல் தன் நூலில் இந்தச் சொல்லைக் குறுக்கினார். உயிர்ப்போடு படுவது ‘மனப்பதிவு’, அதன் மங்கிய நகல்தான் ஐடியா. லாக் எல்லா உணர்வுகளுக்கும் அதை நீட்டிவிட்டார், நான் பழைய பொருளுக்குத் திருப்புகிறேன் என்று அடிக்குறிப்பில் சொல்கிறார். ஆகவே லாக்கில் பு போட்ட இடம் ஹியூமில் ஐடியாவே ஆகாது. குறிப்பேட்டை நூலாசிரியருக்கு ஒன்றாக வையுங்கள்.

தருமபுரி வாசகர்:
நன்றி சார். பண்புக்கும் ஐடியாவுக்கும் உள்ள கோட்டைப் புதியவர்களுக்கு எப்படிச் சொல்வது?

பழையபேட்டை, கிருஷ்ணகிரி:
நான் சொன்ன அதே 2ஆம் புத்தகம், 8ஆம் அதிகாரம், 18ஆம் பிரிவில் லாக் ‘மன்னா’ என்ற இனிப்பான மருந்துப் பொருளைக் காட்டுகிறார். அது வயிற்றுவலி தரும், இனிக்கவும் செய்யும். வலி மன்னாவில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, இனிப்பை மட்டும் ஏன் அதில் ஏற்றுகிறோம் என்று கேட்கிறார். நம் பக்கத்தில் மாம்பழத்தை வைத்துச் சொல்லுங்கள். அளவு மீறித் தின்றால் வரும் வயிற்றுவலி மாம்பழத்துக்குள் இல்லை. இனிப்பும் அதே கணக்கு. பழத்தின் வடிவமும் பருமனும் மட்டும் அவர் கணக்கில் வேறு. அவற்றைப் பற்றிய ஐடியா பழத்தில் உள்ளதை ஒத்திருக்கிறது.

பாப்பாரப்பட்டி:
நி குறிக்கு ஓர் எச்சரிக்கை. 2ஆம் புத்தகம் 10ஆம் அதிகாரத்தில் நினைவை ஐடியாக்களின் ‘கிடங்கு’ என்கிறார். அதை நம்பி, உள்ளே படங்கள் அடுக்கியிருப்பதாகப் படிக்கக் கூடாது. உணரப்படாதபோது ஐடியா எதுவுமில்லை, மனத்துக்கு அதை மீட்கும் ஆற்றல் மட்டுமே உண்டு என்று 2ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறார். நி என்பதை ‘மீட்கப்படும்போது மட்டும்’ என்று விரித்து எழுதிக்கொள்ளுங்கள்.