எலியில் கேவர்னஸ் நரம்பை நசுக்கும் மாதிரி: அளவீடு ஏன் இப்படிச் சிதறுகிறது?

கேள்வி:
புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் விறைப்புக் குறைபாட்டை ஆராய, 12 வார வயதுள்ள ஸ்ப்ரேக்-டாலி இன எலிகளில் இரு பக்க கேவர்னஸ் நரம்பையும் (விறைப்பைத் தூண்டும் நரம்பு) ஹீமோஸ்டாட்டால் (இரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) நசுக்குகிறோம். 4 வாரம் கழித்து மின்தூண்டல் கொடுத்தால் சில எலிகளில் ஆண்குறிக்குள் அழுத்தம் ஏறவே இல்லை; சிலவற்றில் நசுக்காத எலி அளவுக்கே ஏறுகிறது. காரணம் என்ன? பேசாமல் நரம்பை வெட்டிவிடலாமா?

பதில் 1:
மின்முனையை எங்கே மாட்டுகிறீர்கள்? காயத்துக்கு மேலே, இடுப்பு நரம்புமுடிச்சுப் பக்கம் மாட்டினால்தான் காயத்தைத் தாண்டித் தூண்டல் போகிறதா என்பது தெரியும். முடிச்சிலிருந்து 2-3 மி.மீ. தள்ளி நசுக்கினால் கொக்கி வடிவ மின்முனைக்கு இடம் கிடைக்கும். 4 வாரத்தில் திசு ஒட்டிப்போய் நசுக்கிய இடம் தெரியாது. நரம்பில் படாமல் பக்கத்தில் மிக மெல்லிய 10-0 நைலான் நூலால் முடிச்சு ஒன்று போட்டு வையுங்கள்.

ஹீமோஸ்டாட்டின் நுனியில் பிடிப்பதற்கும் அடியில் பிடிப்பதற்கும் அழுத்தம் வேறு. எல்லா எலிக்கும் ஒரே கருவி, ஒரே பூட்டுப் பல், ஒரே நேரம் (2 நிமிடம் என்றால் கடிகாரம் பார்த்து 2 நிமிடம்). பிரதான தண்டை ஒட்டி மெல்லிய துணை இழைகளும் போகும். அவை தப்பினாலும், ஒரு பக்கம் சரியாக நசுங்காவிட்டாலும் அழுத்தம் ஏறிவிடும். போலி அறுவைக் குழுவிலும் (நசுக்காமல் அறுவை மட்டும் செய்யும் ஒப்பீட்டுக் குழு) நரம்பை அதே அளவு திறந்து காட்டுங்கள்; பிரித்தெடுக்கும்போது இழுபட்டாலே காயம்தான்.

பதில் 2:
குறை அளவீட்டிலும் இருக்கலாம். 1.5 மில்லி ஆம்பியர், 20 ஹெர்ட்ஸ், 0.2 மில்லி நொடித் துடிப்பு, 60 நொடி என்பது பலரும் கையாளும் அளவு. கொக்கியைச் சுற்றி ஈரம் தேங்கினால் மின்சாரம் திரவத்தின் வழியே ஓடிவிடும். பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டுத் தூண்டுங்கள். கால் துடித்தால் மின்சாரம் பக்கத்துத் தசைக்குப் பரவுகிறது.

ஆண்குறி அடிப்பகுதியின் கிளையில் செருகிய 25 கேஜ் ஊசியில் சிறு இரத்தக்கட்டியோ காற்றுக்குமிழோ இருந்தால் அலை மழுங்கிப்போகும். ஹெபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த உப்புநீர் நிரப்பி, தூண்டுமுன் ஆண்குறியை மெல்ல அழுத்திப் பாருங்கள்: அழுத்தக் கோடு சட்டென ஏறி உடனே இறங்க வேண்டும். ஆண்குறி அழுத்தத்தைக் கழுத்துத் தமனி அழுத்தத்தால் வகுத்த விகிதத்தையே எழுதுங்கள். மயக்கம் ஆழமானாலே அழுத்தம் விழும். மயக்கத்துக்குக் கொடுக்கும் சைலசின் விறைப்பையும் அடக்கும்.

பதில் 3:
வெட்டுவது வேறு கேள்விக்கான மாதிரி. 1982-இல் அறுவை மருத்துவர் வால்ஷ் தொடங்கிய நரம்பு காக்கும் புராஸ்டேட் அறுவையில் நரம்பு அறுபடுவதில்லை; இழுபடும், சூடுபடும், நசுங்கும். அதற்கு நசுக்கலே பொருத்தம். இரு பக்கமும் வெட்டினால் மென்தசை அழிவையும் நார்ப்பெருக்கத்தையும் தெளிவாகப் பார்க்கலாம், 5 மி.மீ. துண்டை நீக்குவது நரம்பு ஒட்டுச் சோதனைக்கு உதவும்.

இளம் எலியில் நசுங்கிய நரம்பு தானாகவே மீளும் என்பதையும் மறக்காதீர்கள். நசுக்கி மருந்து கொடுக்காத குழுவை 2, 4, 8 வாரங்களில் தனித்தனியாக அளந்து மீட்புக் கோட்டை வரைந்த பிறகே மருந்துச் சோதனைக்கான நாளைக் குறியுங்கள்.