பிக் பாய் 4014-ஐ ஓப்பன் ரெயில்ஸில் சேர்த்தேன். வாசாட்ச் ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறது

கேட்கீப்பர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யூனியன் பசிபிக் ரயில்வேயின் 4014 எண் கொண்ட பிக் பாய் நீராவி இன்ஜினை, ஓப்பன் ரெயில்ஸ் என்ற கணினி ரயில் சிமுலேட்டரில் ஓட வைக்க மூன்று மாதங்களாக முயன்று வருகிறேன். உருவத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் நானே செய்தேன். இன்ஜினின் அளவுகளையும் எடையையும் சிமுலேட்டருக்குச் சொல்லும் இயற்பியல் கோப்பை முதலிலிருந்து எழுதத் துணிவில்லாததால், என்னிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதே ரயில்வேயின் 844 இன்ஜினுடைய கோப்பைப் படியெடுத்து, சக்கர அளவு, சிலிண்டரின் விட்டம், மொத்த எடை, நீளம் ஆகியவற்றை மட்டும் மாற்றினேன்.

யூட்டாவின் ஆக்டனிலிருந்து கிழக்கே வயோமிங்கின் எவன்ஸ்டன் வரை செல்லும் தடத்தில் 3,600 டன் சரக்கு வண்டியைக் கட்டி ஓட்டினேன். சமதளத்தில் குறை ஒன்றுமில்லை. வாசாட்ச் மலைத்தொடரின் 1.14 சதவீத ஏற்றம் தொடங்கியதும் வேகம் சிறுகச் சிறுகக் குறைந்து, எக்கோ பள்ளத்தாக்கில் வண்டி அப்படியே நின்றுவிடுகிறது. சிலிண்டர்களுக்கு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் முழுவதும் திறந்திருக்கிறது, ஓடும் திசையை அமைக்கும் ரிவர்சர் முழுவதும் முன்னால் இருக்கிறது, கொதிகலன் அழுத்தம் 300-ஐ விட்டு இறங்கவில்லை, சக்கரங்கள் நழுவவும் இல்லை. அந்த மலையில் வேறு இன்ஜின் துணையில்லாமல் இதே எடையை இழுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட இன்ஜின் இது என்பதால், பிழை என் கோப்பில்தான் இருக்க வேண்டும். எந்த எண்ணைத் தவறவிட்டேன் என்று யாரேனும் சொல்ல இயலுமா?

வால்வுகியர் எழுதியது:

வணக்கம் நண்பரே. சக்கரங்கள் நழுவவும் இல்லை என்று நீங்கள் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. அழுத்தமும் இறங்காமல் சக்கரமும் நழுவாமல் ஓர் இன்ஜின் நிற்குமானால், சிலிண்டர்களில் பிறக்கும் விசையே போதவில்லை என்று பொருள். கோப்பில் சிலிண்டர் எண்ணிக்கை வரியைப் பாருங்கள். 844-க்கு உரிய இரண்டு என்ற எண் அங்கே அப்படியே இருக்கும். பிக் பாயின் ஒரே கொதிகலனுக்கு அடியில் தனித்தனியாக இரண்டு இயந்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள், எட்டு இயக்குச் சக்கரங்கள்.

கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐயமே எழாது. சிலிண்டரின் விட்டம் 23.75 அங்குலம், பிஸ்டன் வீச்சு 32 அங்குலம், சக்கர விட்டம் 68 அங்குலம், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு. சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை வீச்சால் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுத்து, அழுத்தத்தாலும் வழக்கமாகக் கொள்ளும் 0.85-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 67,687 பவுண்டு இழுவிசை கிடைக்கிறது. இது ஒரு இயந்திரத்துக்கு உரியது. இரண்டுக்கும் சேர்த்து 1,35,375. எல்லா நூல்களிலும் பிக் பாய்க்கு அச்சாகியிருக்கும் எண் இதுதான். ஒரு டன்னை ஒரு சதவீத ஏற்றத்தில் இழுக்க 20 பவுண்டு விசை வேண்டும், 1.14 சதவீதத்துக்கு 22.8 பவுண்டு. உருளும்போது ஏற்படும் தடைக்கு ஐந்தாறு பவுண்டைச் சேர்த்துக்கொண்டு, 3,600 டன் வண்டியையும் ஏறத்தாழ 600 டன் எடையுள்ள இன்ஜின், அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் இரண்டையும் கணக்கில் எடுத்தால், தேவைப்படும் விசை 1,20,000 பவுண்டை நெருங்குகிறது. உங்கள் இன்ஜின் அதில் பாதியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஏறியதே பெரிது.

இன்னொன்று: இங்கே டன் என்பது 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன். 3,600 மெட்ரிக் டன் கட்டியிருந்தால், உண்மையில் நீங்கள் 3,970 டன்னுக்குச் சற்றே குறைவாக இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்கு சிலிண்டர் என்றதும் கோப்பில் காம்பவுண்டு வகை என்று குறித்துவிடாதீர்கள். நம் ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜினில் உயர் அழுத்தச் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவி அடுத்துத் தாழ் அழுத்தச் சிலிண்டருக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது காம்பவுண்டு. பிக் பாயில் நான்கு சிலிண்டர்களுக்கும் கொதிகலனிலிருந்தே புதிய நீராவி செல்கிறது. ஆகவே சாதாரண வகை என்றே இருக்கட்டும்.

கேட்கீப்பர் எழுதியது:

மிக்க நன்றி. எண்ணிக்கை இரண்டாகவே இருந்தது, நான்காக மாற்றினேன். டன் விஷயத்திலும் நீங்கள் ஐயப்பட்டது சரிதான், அதையும் திருத்திவிட்டேன். ஆனால் இப்போது ரெகுலேட்டரைக் கால்பங்கு திறந்தாலே சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் சுழல்கின்றன. மணல் தூவி ஒருவாறு கிளம்பினாலும், பத்து நிமிடத்துக்குள் கொதிகலன் அழுத்தம் 200-க்குக் கீழே போய்விடுகிறது.

வால்வுகியர் எழுதியது:

இரண்டும் அதே 844-இன் மிச்சங்கள்தாம். இயக்குச் சக்கரங்களின் மேல் நிற்கும் எடைக்குத் தனி வரி உண்டு. அதில் எட்டுச் சக்கரங்களுக்கான எண்ணே இன்னும் இருக்கிறது. 1941-இல் வந்த முதல் தொகுதி பிக் பாய்களுக்கு அது 5,40,000 பவுண்டு. இழுவிசையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால் பிடிப்பு சரியாக அமையும். இன்ஜினின் மொத்த எடையாகிய 7,62,000-ஐ அந்த வரியில் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மழை பெய்தாலும் நழுவாத இன்ஜின் ஒன்று கிடைக்கும். ஓட்டுவதில் சுவையே இருக்காது.

அழுத்தம் இறங்குவதற்குக் காரணம், கரி எரியும் தட்டின் பரப்பு. 844-க்கு ஏறத்தாழ 100 சதுர அடி, பிக் பாய்க்கு 150 சதுர அடி. வயோமிங்கில் அந்த ரயில்வேக்கே சொந்தமான சுரங்கங்களிலிருந்து வந்த கரி உயர்ந்த தரமானதன்று. அதை எரித்தே போதுமான நீராவி எடுப்பதற்காகத்தான் நெருப்புப் பெட்டியை அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். எனவே எரிபொருளின் வெப்ப மதிப்பையும் சற்றுக் குறைத்து வைப்பதே நேர்மை. ஃபயர்மேன் ஒரு மணி நேரத்தில் போடக்கூடிய கரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு அல்லவா, அதை உயர்த்துங்கள். இந்த நெருப்புப் பெட்டிக்கு மண்வெட்டியால் கரி அள்ளிப்போட்டு மனிதனால் ஈடுகொடுக்க முடியாது. டெண்டரிலிருந்து திருகு அச்சு ஒன்றே கரியைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஷெட்மணி எழுதியது:

எண்களை வால்வுகியர் பார்த்துக்கொண்டார். நீங்கள் பதிவேற்றியிருந்த படங்களைப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். ஸ்கெனெக்டடியில் ஆல்கோ நிறுவனம் 1941 முதல் 1944 வரை கட்டிய 25 பிக் பாய்களில் 4014 முதல் தொகுதியைச் சேர்ந்தது. 1959 ஜூலையில் இவ்வகை இன்ஜின்கள் சரக்கு இழுப்பது நின்றது. அதன்பின் 4014 கலிபோர்னியாவின் பொமோனாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. 2013-இல் யூனியன் பசிபிக் அதைத் திரும்பப் பெற்று, செயென்னில் செப்பனிட்டு, 2019 மே மாதம் மீண்டும் ஓட்டியது. அப்போது அது எண்ணெயில் எரியும்படி மாற்றப்பட்டிருந்தது. உங்கள் படத்தில் பின்னால் மஞ்சள் நிறத் துணைத் தண்ணீர் வண்டிகள் நிற்கின்றன, டெண்டரிலோ கரி குவிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் இருந்ததில்லை. 3,600 டன் சரக்கை இழுக்க விரும்புவதால், கரியை வைத்துக்கொண்டு மஞ்சள் வண்டிகளை எடுத்துவிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. டெண்டரின் கொள்ளளவு 28 டன் கரி, 24,000 காலன் தண்ணீர். இது அமெரிக்க காலன். லிட்டரில் எழுதினால் 90,850 வரும். பிரிட்டிஷ் காலன் என்று எண்ணி மாற்றினால் 18,000 லிட்டர் கூடுதலாகச் சுமந்துகொண்டு மலையேறுவீர்கள்.

அடுத்து, வளைவில் எடுத்த படம். இரண்டு இயந்திரங்களையும் டீசல் இன்ஜினின் அடியில் உள்ள சக்கரச் சட்டங்களாகிய போகிகளைப் போல நடுவில் திரும்பும்படி அமைத்திருக்கிறீர்கள். உண்மையில் பின் இயந்திரத்தின் சட்டம் கொதிகலனோடு அசையாமல் பொருத்தப்பட்டது. முன் இயந்திரம் மட்டுமே தன் பின்முனையில் உள்ள கீலைப் பிடித்துக்கொண்டு திரும்பும், கொதிகலனின் முன்பகுதி அதன்மேல் வழுக்கி நகரும். அதனால்தான் கூர்மையான வளைவில் கொதிகலனின் முன்முனையாகிய புகைப்பெட்டி தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிக் பாயை நேரில் பார்த்தவர்கள் மறக்காத காட்சி அது. உங்கள் மாதிரியில் அது வராமல் போனால் எவ்வளவு நுணுக்கமாக ரிவெட் வரைந்தும் பயனில்லை.

ஒலியையும் இரண்டாகப் பிரியுங்கள். முன், பின் இயந்திரங்களை இணைக்கும் தண்டு எதுவும் இல்லாததால், இரண்டின் வெளியேற்றத் துடிப்புகளும் சிறிது நேரம் ஒன்றாக ஒலித்து, பிறகு மெல்ல விலகி, மீண்டும் சேரும். ஒரே ஒலிக்கோப்பை வேகத்துக்கு ஏற்றபடி ஓடவிட்டால் அது 844-இன் குரலாகத்தான் இருக்கும். என் சொந்த முயற்சியில் பின் இயந்திரத்தின் ஒலியை மிகச் சிறிதளவு மெதுவாக வைத்தேன். ஏமாற்று வேலைதான், ஆனால் காதுக்குச் சரியாக இருந்தது. புகைபோக்கி இரட்டை என்பதால் புகை கிளம்பும் புள்ளியும் இரண்டு வேண்டும்.

கேட்கீப்பர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மஞ்சள் வண்டிகளைக் கழற்றிவிட்டேன். பின் இயந்திரத்தைக் கொதிகலனோடு சேர்த்து, முன்னதை மட்டும் திரும்ப விட்டதில் வளைவுகளில் புகைப்பெட்டி வெளியே நீட்டத் தொடங்கிவிட்டது. எக்கோ பள்ளத்தாக்கில் முதல் வளைவிலேயே பக்கத்துப் பாதையிலிருந்த சிக்னல் கம்பத்தின் ஊடாகப் புகுந்து சென்றது. கம்பத்தை இரண்டடி தள்ளி நட்டேன். இன்று காலை 3,600 அமெரிக்க டன்னோடு மணிக்கு 14 மைல் வேகத்தில் ஏறி உச்சியைக் கடந்தேன். அழுத்தம் 280-க்குக் கீழே இறங்கவில்லை. ஒலியை இன்னும் பிரிக்கவில்லை.

திரும்பி வந்து ஆக்டனில் இன்ஜினைத் திருப்பப் போனால், தடத்தை உருவாக்கியவர் அங்கே 100 அடி திருப்புமேடைதான் வைத்திருக்கிறார். இன்ஜினும் டெண்டரும் சேர்ந்து 132 அடிக்கு மேல் நீளம். டெண்டரின் பின்சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கின்றன. யூனியன் பசிபிக் இவற்றுக்காகவே போட்ட 135 அடி மேடையை யாரேனும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தால் தெரிவியுங்கள். இல்லையேல் அடுத்த வாரம் நானே தொடங்குகிறேன்.