தக்காளி: கொள்முதல் மையமா, மண்டியா?

மேட்டுக்காடு: "சூப்பர் மார்க்கெட் கொள்முதல் மையத்துல போட்டா 10% கமிஷன் மிச்சம், தக்காளி விவசாயி தப்பிச்சுக்குவான்"னு நேத்து ஒரு மேதாவி எழுதியிருக்கார். செடியைத் தொட்டவன் இப்படி எழுத மாட்டான்.

இளங்கதிர்: அந்த மேதாவி நான்தாங்க. மண்டியில நூத்துக்குப் பத்து பிடிக்கறான், மையத்துல பூஜ்யம். எது பொய்?

தராசுமுள்: ஆயிரம் கிலோன்னு வெச்சுக்குவோம். மண்டியில கலப்பா 12 ரூபாய், கமிஷன் போக 10,800. மையத்துல 14 ரூபாய் உண்மைதான், ஆனா செங்காயா (பாதி பழுத்த காய்) இருக்கணும், ஒரே சைஸ் இருக்கணும், வெடிப்பு கூடாது. 600 கிலோ எடுத்தா 8,400. மிச்சம் 400 கிலோ, ஏலம் முடிஞ்ச பிறகு மண்டிக்குப் போய் 5 ரூபாய்க்கு, கமிஷன் போக 1,800. ஆகமொத்தம் 10,200. ரெண்டாவது நடை வண்டி வாடகை தனி.

இளங்கதிர்: மண்டியிலயும் பொடிக்காய்க்கு விலை கம்மிதானே? 10% பிடிக்கறானா இல்லையா, அதைச் சொல்லுங்க.

தராசுமுள்: கலந்திருந்தா பொடிக்காயும் பெட்டி விலையில போயிரும். பொறுக்கி எடுத்த மிச்சத்தை வியாபாரி பார்த்ததுமே கண்டுபிடிச்சுருவான். அந்த 400 கிலோவுக்குப் பதில் வரலையே?

செங்காய்: உழவர் சந்தை 1999லயே வந்தாச்சு. அங்க கமிஷனே கிடையாது.

மேட்டுக்காடு: ஒரு டன்னை கிலோ கிலோவா நிறுத்து விக்க நீங்க வர்றீங்களா?

இளங்கதிர்: குளிர்பதனக் கிடங்குல வைக்கலாமே.

தராசுமுள்: செங்காயை 10 டிகிரிக்குக் கீழ நாள் கணக்கா வெச்சா நிறம் சரியா ஏறாது, வெளிய எடுத்ததும் அழுகும். உருளைக்கிழங்கு கிடங்கைப் பார்த்துட்டுப் பேசறீங்க. சின்ன வெங்காயம் பத்தின விவாதத்துலயும் இப்படித்தான் பேசினீங்க.

இளங்கதிர்: அதை இங்க ஏன் இழுக்கறீங்க? 10% இருக்கா, இல்லையா?

செங்காய்: கேரளாவுல 2020 நவம்பர்ல 16 பயிருக்கு அடிப்படை விலை வெச்சாங்க. உற்பத்திச் செலவு, அதுக்கு மேல 20%. தக்காளிக்கு 8 ரூபாய். இங்க 2023 ஜூலையில விலை ஏறினப்ப ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்தாங்க. இறங்கறப்ப எந்தக் கடை திறக்குது?

மேட்டுக்காடு: 8 ரூபாய் பறிகூலிக்கும் பெட்டி வாடகைக்கும் சரியாப் போயிரும்.

செங்காய்: பிரிட்டன்ல பெரிய கடைங்க சரக்கு தர்றவங்களை நியாயமா நடத்துதான்னு பார்க்க 2013ல இருந்து தீர்ப்பாளரே இருக்கார். விதியை மீறற பெரிய கடைக்கு உள்நாட்டு விற்றுமுதல்ல 1% வரை அபராதம் போடலாம்.

தராசுமுள்: அது கடைக்கு நேரடியா சரக்கு தர்றவங்களுக்கு மட்டும். நடுவுல பேக்கிங் கம்பெனி இருந்தா விவசாயி அந்த விதிக்குள்ளயே வரமாட்டான். இங்கயும் முதல்ல வேண்டியது, எத்தனை கிலோ எடுப்பாங்கன்னு முந்தின நாளே எழுத்துல. கழிச்சதுக்குக் காரணம் போட்ட சீட்டு. 14 கிலோ பெட்டின்னா 14 கிலோவுக்குக் காசு.

இளங்கதிர்: பாலக்கோட்டுல பெட்டிக் கணக்கே வேற. அதுவே தெரியல.

மேட்டுக்காடு: உடுமலையில 14தான். நீங்க எந்த ஊருங்க?

இளங்கதிர்: ஊரை விடுங்க. 10%க்குப் பதில்?

தராசுமுள்: 400 கிலோவுக்குப் பதில்?