லெஸ்லி கோரின் ‘யூ டோன்ட் ஓன் மீ’: ஆண்கள் எழுதிய பாட்டு பெண்ணின் குரல் ஆகுமா?

கேள்வி

அமெரிக்கப் பாடகி லெஸ்லி கோர் 1963-ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட ‘யூ டோன்ட் ஓன் மீ’ பாடலைச் சில நாட்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். நான் உன் உடைமை அல்ல, ஊர் பார்க்க என்னைக் காட்சிப் பொருளாக நிறுத்தாதே, நான் என்ன பேச வேண்டும் என்று நீ சொல்லாதே என்று காதலனின் முகத்துக்கு நேரே சொல்லும் அந்தப் பாட்டைப் பாடியபோது அவருக்கு வயது 17. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், தன் பிறந்தநாள் விருந்தில் காதலன் வேறொருத்தியுடன் போய்விட்டதற்காக அழும் பெண்ணாகப் பாடித்தான் அவர் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்திருந்தார். ஆனால் ‘யூ டோன்ட் ஓன் மீ’ பாடலை இயற்றிய ஜான் மடாரா, டேவிட் ஒயிட், தயாரித்த குயின்சி ஜோன்ஸ் ஆகிய மூவருமே ஆண்கள். அப்படியிருக்க, இதை ஒரு பெண்ணின் எதிர்ப்புக் குரல் என்று கொண்டாடுவது பொருந்துமா? இசையறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில் 1

சொற்களை யார் எழுதினார்கள் என்பதை ஒரு கணம் ஒதுக்கிவைத்து, மெட்டு எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். சரணங்கள் சோகம் தொனிக்கும் மைனர் ஸ்கேலில், ஏறக்குறைய நம் நடபைரவி ராகத்தின் சாயலில், தாழ்ந்த குரலில் அமைந்திருக்கின்றன. மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் தாளம் அவசரமில்லாமல் செல்கிறது. பல்லவிக்கு வந்ததும் அதே ஆதார சுருதியில் தெளிவும் உறுதியும் தொனிக்கும் மேஜர் ஸ்கேல், அதாவது நம் சங்கராபரண ராகம், திறந்துகொள்கிறது. பிறகு சுருதியே அரைச் சுரம் மேலே ஏறுகிறது. துக்கப் பாட்டுக்குரிய தொடக்கத்தைக் கேட்டு, இந்தப் பெண்ணும் கெஞ்சப் போகிறாள் என்று எதிர்பார்க்கும் வேளையில், அவள் நிமிர்ந்து நிற்பதை இசையே சொல்லிவிடுகிறது. இதைக் கத்திப் பாடியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும். கோர் சரணங்களில் குரலை அடக்கி, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்து, பல்லவியில் மட்டும் முழுக் குரலையும் விடுகிறார். அந்தக் கட்டுப்பாடு எழுதியவர்கள் கொடுத்ததன்று, பாடியவருடையது.

பதில் 2

மேலே உள்ள கருத்தை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் உள்ள ஒரு விடுதியில் மடாரா இந்தப் பாட்டைக் கோரிடம் பாடிக் காட்டியபோது, உடனே அது தமக்குரியது என்று உணர்ந்து, எழுதியவர்களைக் குயின்சி ஜோன்ஸைச் சந்திக்கச் செய்தவர் கோரே. கையில் கொடுத்ததைப் பாடிவிட்டுப் போனவர் அல்லர்.

காலத்தையும் மனத்தில் கொள்ளுங்கள். இல்லத்தரசிகளின் மனக்குறையைப் பேசி அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தைத் தூண்டிய, பெட்டி ஃப்ரீடனின் ‘தி ஃபெமினின் மிஸ்டிக்’ நூல் வெளியானதும் அதே 1963-இல்தான். கடன் வழங்குவதில் பெண் என்றோ மணமானவள் என்றோ பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1974-இல்தான் வந்தது. அதுவரை கணவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு மனைவி கடன் பெறுவது பல இடங்களில் இயலாத காரியமாக இருந்தது. உடைமை என்ற சொல் அந்தப் பெண்களின் அன்றாடத்தில் எவ்வளவு நேரடியாக ஒலித்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். 1964 பிப்ரவரியில் பாடல் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் மூன்று வாரங்கள் நின்றது. முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸ் குழுவின் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’.

பதில் 3

பாட்டு எனக்கும் மிகவும் பிடிக்கும் என்றாலும், கேள்வி கேட்டவரின் ஐயத்தை இவ்வளவு விரைவாகத் தள்ளிவிட முடியாது. 1964-இல் கோரின் குரலில் வந்த மற்றொரு பாடல், ஆண்பிள்ளைகள் அப்படித்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் ‘தட்ஸ் த வே பாய்ஸ் ஆர்’ என்று அமைந்தது. அதுவும் நன்றாகவே விற்பனையானது. எதிர்ப்பும் பணிவும் ஒரே கடையில், ஒரே குரலில் விற்கப்பட்ட சந்தை அது. எனவே அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தம் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓரளவுக்கே இருந்தது என்பேன். ஆயினும் அத்தனை பாடல்களுள் மக்கள் எதை நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், என் ஐயம் பெருமளவு நீங்கிவிடுகிறது.

பதில் 4

கடைசியாகச் சொன்னது மிகச் சரி. மக்கள் மட்டுமல்ல, கோரும் இதைக் கைவிடவில்லை. தாம் ஒருபால் ஈர்ப்பு கொண்டவர் என்பதை 2005-இல் வெளிப்படையாகச் சொன்ன அவர், 2012 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, பெண்களின் உடல்நல உரிமைகளுக்காக இளம்பெண்கள் பலர் இப்பாடலுக்கு வாயசைத்து வெளியிட்ட காணொளியில் தாமே தோன்றினார். 2015 பிப்ரவரியில், தமது 68-ஆம் வயதில் காலமானார்.

இந்தப் பாட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொரு இடம். நான் உனக்குக் கட்டளை இடுவதில்லையே, அதுபோல நீயும் இடாதே என்று அவள் சொல்லும் பகுதியைக் கவனியுங்கள். அவள் பழிவாங்க வரவில்லை. காதலனைத் துரத்தவும் இல்லை. தான் அவனுக்குக் கொடுப்பதையே திரும்பக் கேட்கிறாள். கேள்வி கேட்டவர் இசைத்தட்டுப் பதிவோடு நிறுத்திவிட வேண்டாம். 1964 அக்டோபரில் சாண்டா மோனிகாவில் படமாக்கப்பட்ட ‘டி.ஏ.எம்.ஐ. ஷோ’ என்ற இசை நிகழ்ச்சிப் படத்தில், ஜேம்ஸ் பிரவுனும் ரோலிங் ஸ்டோன்ஸும் பாடிய அதே மேடையில் கோர் இதைப் பாடியிருக்கிறார். அதையும் அவசியம் பாருங்கள்.