முடி மாற்று சிகிச்சை: செய்தவர்கள், செய்யப் போய்த் திரும்பியவர்கள் வந்து சொல்லுங்கள்

சீப்பு தொலைத்தவன்:
நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏறிக்கொண்டே போகிறது, உச்சியிலும் வெளிச்சம் அடித்தால் தோல் தெரிகிறது. விளம்பரம் பார்த்தால் காலையில் போய்ப் படுத்து மாலையில் சுருள்முடியோடு எழுந்து வரலாம் போலிருக்கிறது. நிஜத்தில் என்ன நடக்கும், எவ்வளவு வலிக்கும், யாருக்கு வேண்டாம் என்கிறார்கள்? பட்டவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பின்மண்டைப் பாக்கியவான்:
எனக்குச் செய்து ஓராண்டு தாண்டிவிட்டது, அதனால் கொஞ்சம் தைரியமாகவே பேசலாம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் சகோ, இதில் புதிதாக ஒரு முடிகூட உருவாவதில்லை. பின்மண்டையில் இருப்பதை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறார்கள், அவ்வளவுதான். நமக்கு வருகிற பரம்பரை வழுக்கையில் டிஎச்டி என்கிற ஹார்மோன் முன்பக்கத்து வேர்களையும் உச்சி வேர்களையும் சிறுகச் சிறுக மெலிய வைக்கும், ஆனால் பின்பக்கத்து வேர்கள் பெரும்பாலும் அதற்கு மசிவதில்லை. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் கூடவே வரும் என்பதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் செய்து பார்த்து 1959இல் எழுதினார். இந்தச் சிகிச்சை மொத்தமும் அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கொத்தாகத் தோண்டி நட்டதால் பொம்மைத் தலை மாதிரி இருக்குமாம். இப்போது ஒன்றிலிருந்து நாலு முடி வரை இயற்கையாகச் சேர்ந்து வளர்கிற ஒவ்வொரு குட்டிக் கொத்தையும் தனித்தனியாக எடுக்கிறார்கள், அதைத்தான் கிராஃப்ட் என்பது.

எனக்குச் செய்தது எஃப்யூஇ, அதாவது ஒவ்வொரு கிராஃப்டையும் தோலில் தனித்தனியாகத் துளைத்து எடுக்கிற முறை. தலையை ஒட்ட மழித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். வலி என்றால் மரத்துப்போக வைக்கிற அந்த ஊசிகள்தான், நெற்றியில் போடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் ஒன்றும் தெரியாது, கருவி கொரகொரவென்று ஓடுகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கும். மதியத்துக்கு மேல் மல்லாக்கப் படுக்க வைத்து நடுகிறார்கள். நெற்றி ஓரத்தில் ஒற்றை முடி கிராஃப்ட், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று முடி உள்ளவை. ஓரத்திலேயே தடித்த கொத்துகளை வைத்தால் பார்த்தவுடன் நட்டது என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. நெற்றியில் ஏறிய வீக்கம் இறங்கி இறங்கிக் கண்ணுக்கு வந்து, கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன். தலையணையை உயர்த்தி வைத்து மல்லாந்து தூங்க வேண்டும், பொருக்கைக் கையால் பிய்க்கவே கூடாது. அப்புறம், இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பாலானது கொட்டிவிடும்! வேர் உள்ளே இருக்கும், முடிதான் போகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள், இருந்தாலும் கையோடு வரும்போது வயிற்றைக் கலக்குகிறது. மூன்று நாலு மாதத்தில்தான் துளிர்க்கும், அதுவும் முதலில் மெல்லிசாக. முழுசாகத் தெரிய ஓராண்டு, உச்சியில் நட்டவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். இதையெல்லாம் எந்த விளம்பரத்தில் போடுகிறார்கள்?

அகல வகிடு:
நான் செய்யப் போய்த் திரும்பியவள். வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் செல்போனில் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை கிராஃப்ட், இந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று பதில் போட்டார்கள். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, எனக்கு அதுவே உறுத்தியது. வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் பெரிதாக்கிக் காட்டும் கருவியைப் பின்மண்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கேயும் மெலிந்திருக்கிறதே அம்மா, எங்கிருந்து எடுக்க?" என்றார். தலை முழுக்கப் பரவலாக மெலிந்தால் எடுத்து நட்டும் பயனில்லையாம், நட்டதும் சேர்ந்து மெலியும். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார், இரும்புச்சத்து தரையில் கிடந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் மருந்தும் ஆரம்பித்தேன், முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டிப் பயமுறுத்தியது, பிறகு நின்றது. பிரசவத்துக்குப் பிறகோ கடும் காய்ச்சலுக்குப் பிறகோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, அது பெரும்பாலும் தானாகத் திரும்பி வந்துவிடும். அதற்குப் போய்க் கத்தியைத் தேடாதீர்கள். புழுவெட்டும் வேறு கதை, அது அடங்காமல் நடவே கூடாது என்கிறார்கள்.

தொப்பிக்காரன் தம்பி:
அக்கா சொன்னது சரி. ஆனால் பின்மண்டை நன்றாக இருந்தாலும் சிக்கல் வரும், என் அண்ணனைப் பார்த்துச் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் போனான், பள்ளிக்கூடப் போட்டோவில் இருக்கிற மாதிரி நெற்றி வேண்டும் என்றான், அவர்களும் அப்படியே தாழ்வாகக் கோடு போட்டு நட்டுவிட்டார்கள். நட்டது நன்றாகத்தான் வளர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி விடாமல் கொட்டியது, கடைசியில் முன்னால் ஒரு வேலி, நடுவில் வெட்டவெளி. அதை நிரப்ப இன்னொரு தடவை. பின்மண்டை முடி சேமிப்புக் கணக்கு மாதிரி, எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. முதல் தடவை தோலைப் பட்டையாக வெட்டி எடுத்துத் தைத்த எஃப்யூடி என்பதால் பின்னால் நீளத் தழும்பு வேறு, ஒட்ட வெட்டினால் தெரிகிறது. அவனைத் தப்பு சொல்ல மாட்டேன், அந்த வயதுப் பையனிடம் நாற்பது வயதில் தலை எப்படி இருக்கும் என்று பேசாமல் பணத்தை வாங்கியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அப்பா, தாய்மாமன் தலைகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சீப்பு தொலைத்தவன்:
அப்படியென்றால் நட்ட பிறகும் மருந்து உண்டா? வழுக்கைக்குக் கொடுக்கிற ஃபினாஸ்டரைடு மாத்திரை என்றாலே பயமுறுத்துகிறார்களே. இன்னொன்று, தினமும் பைக்தான், ஹெல்மெட் எப்போது போடலாம்?

பின்மண்டைப் பாக்கியவான்:
நட்டது நிற்கும், நடாத சொந்த முடியைக் காக்கத்தான் மருந்து. ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் 1997இல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. சிலருக்கு ஆசை குறைவது, விறைப்பில் சிக்கல், மனச்சோர்வு எல்லாம் வருவதுண்டு, அதனால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். சாப்பிடுகிறவர் பின்னாளில் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனை செய்தால் மறக்காமல் சொல்ல வேண்டும், அந்த அளவை இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எடுப்பதும் துளை போடுவதும் நீங்களா உதவியாளரா என்று நேராகக் கேளுங்கள், பதிலில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹெல்மெட்டுக்கு அவசரம் வேண்டாம். பத்து நாள் வாக்கில்தான் கிராஃப்ட் நன்றாகப் பிடிக்கும், அதுவரை எதுவும் உரசக் கூடாது. ஹெல்மெட் மாட்டும்போதும் கழற்றும்போதும் நெற்றி ஓரத்தைத்தான் இழுக்கும், எனவே பொருக்கு முழுக்க உதிர்ந்து மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பைக்கை வீட்டிலேயே விடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாமா என்று அடுத்ததாகக் கேட்காதீர்கள்!