ஆர்எக்ஸ் 100-க்கு 28 கார்புரேட்டர் மாட்டினேன், பாதி திருகினாலே அடைக்கிறது, அவசரம்

வத்தலகுண்டு_ஆர்எக்ஸ் | வியாழன், இரவு 10.12

வணக்கம். யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல், அப்பா ஓட்டிய வண்டி. பிக்கப் போதவில்லை என்று போன வாரம் 28 மி.மீ. துளை உள்ள கார்புரேட்டர் மாட்டினேன். அன்றிலிருந்து ஆக்சிலரேட்டரைப் பாதி திருகினாலே அடைக்கிறது. காலையில் ஒரே கிக்கில் எடுக்கிறது, ஐடிலிங்கும் நிற்கிறது. ஆனால் திருகினால் மூச்சு முட்டுகிற மாதிரி இழுத்து, அப்புறம் திடீரென்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்தே ஆக வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் ஜெட், அது எந்த நம்பர் போடுவது? நம்பர் மட்டும் சொன்னால் போதும்.

கோவை_ஃபிட்டர் | இரவு 10.31

தம்பி, 28 என்றால் எந்த 28? காற்றுத் துளையைத் திறந்து மூடும் ஸ்லைடு உருளையா, தட்டையா? உள்ளே முழுத் திருகலுக்கான மெயின் ஜெட், ஐடிலிங்குக்கான பைலட் ஜெட் நம்பர் என்ன? ஏர் ஃபில்டர் பாக்ஸ் இருக்கிறதா, கழற்றிவிட்டீர்களா? சைலன்சர் பழையதா? பிளக் என்ன நிறம்? இதெல்லாம் தெரியாமல் நம்பர் சொன்னால், ஆளைப் பார்க்காமல் சட்டை தைத்த கதை ஆகிவிடும்.

இன்னொன்று. பிக்கப் ஏன் குறைந்தது என்று பார்த்தீர்களா? புதுசில் 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் கொடுத்த வண்டி அது. பழைய கார்புரேட்டரிலேயே நன்றாக ஓடியிருக்க வேண்டும்.

ரீட்வால்வு_ராசா | இரவு 10.44

எஞ்சினுக்குள் கலவையை விடும் ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள் நண்பா. இதழுக்கும் சட்டத்துக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. நான் மூன்று மாதம் கார்புரேட்டரையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு இதழின் மூலை நகக்கண் அளவு உடைந்திருந்தது.

மூத்த_பிஸ்டன் | இரவு 11.05

நம்பர் மட்டும் போதும் என்பவர்கள் கார்புரேட்டரில் கை வைக்கக் கூடாது என்று இங்கே பல முறை எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

அடிப்படைக் கணக்கு இதுதான். கம்பெனி கார்புரேட்டரின் துளை 20 மி.மீ., நீங்கள் மாட்டியது 28. விட்டம் எட்டு மில்லிமீட்டர்தான் கூடியது, ஆனால் துளையின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. உறிஞ்சும் எஞ்சின் அதே 98 சி.சி. அகலமான வாய்க்காலில் அதே தண்ணீர் மெதுவாகப் போவது போல, காற்றின் வேகம் விழுந்துவிடும். வேகம் இல்லாத காற்று ஜெட்டிலிருந்து பெட்ரோலைச் சீராகத் தூக்காது. கீழ் ஆர்பிஎம்மில் இழுப்பதும் மேலே போனதும் பிய்த்துக்கொண்டு போவதும் அதனால்தான். போர்ட், ரீட், சைலன்சர் எதையும் தொடாமல் 28 மாட்டுவது வீண். 24 வரை போகலாம், அதற்கு மேல் பள்ளிப் பையன் வேலை.

வத்தலகுண்டு_ஆர்எக்ஸ் | வெள்ளி, காலை 7.20

தட்டை ஸ்லைடு. மெயின் ஜெட்டில் 120, பைலட்டில் 42 என்று இருக்கிறது. ஏர் பாக்ஸ் இடித்ததால் எடுத்துவிட்டுக் கோன் ஃபில்டர் போட்டாச்சு. சைலன்சர் பழையது. பிளக் கறுப்பு, கரி ஈரமாக ஒட்டுகிறது. மலை ஏறும்போதுதான் ரொம்ப மோசம்.

கோவை_ஃபிட்டர் | காலை 7.48

மலையா? எந்த மலை? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி.

வத்தலகுண்டு_ஆர்எக்ஸ் | காலை 7.55

கொடைக்கானல் அண்ணே. வாரம் ஒரு முறை மேலே போய் வருவேன். ஞாயிறும் அங்கேதான்.

கோவை_ஃபிட்டர் | காலை 8.30

சரி, இப்போது படம் தெரிகிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு பார்த்தால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைகிறது, ஜெட் துளை அப்படியே இருக்கிறது, அதனால் கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. கீழேயே பிளக் கறுப்பு என்றால் மேலே போகப் போக அடைக்கத்தான் செய்யும்.

ஜெட் நம்பரிலும் ஒரு குழி இருக்கிறது. கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் நம்பர் துளையின் விட்டத்தைச் சொல்லும், 120 என்றால் 1.20 மி.மீ. மிக்குனி கம்பெனியின் ஆறுமுக ஜெட்டில் நம்பர் பெட்ரோல் பாயும் அளவைச் சொல்லும். ஒன்றின் நம்பரை மற்றதில் போட்டால் கணக்கு தப்பும்.

ஜெட் வாங்குவதற்கு முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தொல்லை பாதி திருகலில். கால்வாசி திருகலில் இருந்து முக்கால் வரை ஆட்சி செய்வது ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். அதன் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றுங்கள், நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். ஓட்டிப் பார்த்துவிட்டு மெயின் ஜெட்டை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் வந்தால் நிறுத்திவிடலாம்.

டூல்பாக்ஸ்_அக்கா | காலை 8.41

தம்பி, கார்புரேட்டர் மாற்றும்போது ஆயில் பம்ப் கேபிளை என்ன செய்தீர்கள்?

பெட்ரோல்_சுத்தம் | காலை 9.10

எல்லாரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. என் சித்தப்பா வண்டியில் ஃப்ளோட் சேம்பர் ரப்பர் உப்பிப் போய்த் திரும்ப உட்காரவே இல்லை.

மூத்த_பிஸ்டன் | காலை 9.26

எத்தனால் கலந்தால் கலவையில் பெட்ரோல் குறைவது போல ஆகும், கூடாது. சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீத எத்தனாலுக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை போதும். அதே ஜெட்டில் பிளக் வெளுக்க வேண்டும். இவருக்குக் கறுத்திருக்கிறது. படித்துவிட்டு எழுதவும்.

பெட்ரோல்_சுத்தம் | காலை 9.40

நான் சொன்னது ரப்பரைப் பற்றி. ஈரத்தை இழுத்து டேங்க் அடியில் தண்ணீர் நிற்பதைப் பற்றியும் சொல்வேன். மழைக்காலத்தில் இரண்டு மாதம் நிறுத்திய வண்டியின் டேங்க்கை நீங்கள் கழுவியிருக்கிறீர்களா? நான் கழுவியிருக்கிறேன்.

ரீட்வால்வு_ராசா | காலை 9.52

இரண்டு பேரும் சரிதான், ஆனால் அவர் ரீட் வால்வைப் பார்த்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

மூத்த_பிஸ்டன் | காலை 10.15

1996-ல் தயாரிப்பு நின்ற வண்டி. மிச்சம் இருப்பதைக் கம்பெனி அமைப்பிலேயே வைத்திருப்பதுதான் மரியாதை. ஏர் பாக்ஸைக் கழற்றிக் கோன் ஃபில்டர் போட்டவரிடம் எத்தனால் பேசுவதில் பயனில்லை.

பெட்ரோல்_சுத்தம் | காலை 10.22

அவர் வண்டி, அவர் இஷ்டம். இங்கே யாரும் அனுமதி கேட்கவில்லை, உதவி கேட்கிறார்.

டூல்பாக்ஸ்_அக்கா | காலை 10.30

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, திரும்பவும் கேட்கிறேன். ஆர்எக்ஸில் ஆக்சிலரேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரியும். ஒன்று கார்புரேட்டருக்கு, இன்னொன்று ஆயில் பம்புக்கு. வேறு கார்புரேட்டர் மாட்டும்போது பலர் ஒற்றைக் கேபிள் போட்டுவிடுவார்கள். உங்கள் வண்டியில் பம்ப் கேபிள் இருக்கிறதா?

வத்தலகுண்டு_ஆர்எக்ஸ் | மதியம் 1.05

இப்போதுதான் பார்த்தேன் அக்கா. புதுக் கேபிள் ஒன்றுதான் போகிறது. பழைய கேபிள் துண்டு ஒன்றை மெக்கானிக் டேங்குக்கு அடியில் ஃபிரேமோடு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருக்கிறார். தேவையில்லை என்றார். 2டி ஆயில் டேங்கில் ஆயில் நிறைய இருக்கிறதே?

டூல்பாக்ஸ்_அக்கா | மதியம் 1.09

வண்டியை எடுக்காதீர்கள். ஜெட் எல்லாம் அப்புறம்.

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலோடு 2டி ஆயிலும் உள்ளே போனால்தான் பிஸ்டன் வழுக்கும். ஆயில் டேங்கில் இருப்பது வேறு, எஞ்சினுக்குப் போவது வேறு. பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கேபிள் இழுத்தால்தான் அளவு கூடும். கேபிள் இல்லையென்றால் ஐடிலிங்கில் கொடுக்கும் சொட்டைத்தான் முழுத் திருகலிலும் கொடுக்கும். மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முறுக்கிக்கொண்டு போகும்போது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்தால் பின் சக்கரம் அப்படியே நிற்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இத்தனை நாள் பெட்ரோல் அதிகமாகப் போனதுதான் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கும். இந்த நிலையில் ஜெட்டை மட்டும் குறைத்திருந்தால் எஞ்சின் இன்னும் சூடாகிப் பிடித்திருக்கும்.

கட்டாயம் நகர்த்த வேண்டும் என்றால் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயில் கலந்து, மெதுவாக ஓட்டுங்கள். நிரந்தரத்துக்கு இரட்டைக் கேபிள் போட்டு, பம்ப் மூடியைக் கழற்றி, கப்பியில் இருக்கும் குறியை சர்வீஸ் மேனுவலில் சொன்ன நிலைக்கு நேராக வையுங்கள்.

கோவை_ஃபிட்டர் | மதியம் 1.20

அக்கா சொன்னதுதான் முதல் வேலை. நான் இதைக் கேட்காமல் நீடில் சொல்லிக்கொடுத்தது தப்பு. தம்பி, சிலிண்டரையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூத்த_பிஸ்டன் | மதியம் 2.02

பம்ப் விஷயத்தில் அவர் சொல்வது சரி. எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

டூல்பாக்ஸ்_அக்கா | சனி, இரவு 9.15

தம்பி, என்ன ஆயிற்று? நாளைக்கு மலைக்குப் போகவில்லையே?

ரீட்வால்வு_ராசா | ஞாயிறு, மாலை 6.40

ஆளைக் காணோம். நல்லபடியாக இருந்தால் ஒரு வரி போடுங்கள் நண்பா.

வத்தலகுண்டு_ஆர்எக்ஸ் | செவ்வாய், இரவு 8.50

ஞாயிறு பஸ்ஸில் போனேன். நேற்று சிலிண்டர் கழற்றியாச்சு, சுவரில் நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி இரண்டு கோடு. சுவரை லேசாகத் தேய்த்து ஹோனிங் பண்ணினால் போதும் என்கிறார் வேறொரு மெக்கானிக். ரீட் நன்றாக இருக்கிறது. பழைய 20-ஐயே மாட்டி, ஏர் பாக்ஸும் இரட்டைக் கேபிளும் போட்டாச்சு. சைலன்சருக்குள் இருக்கும் பாஃபிள் குழாயை உருவினால் துளையே தெரியாமல் கரி, அடுப்பில் சுட்டுத் தட்டினோம். இன்று ஓட்டிப் பார்த்தேன், பிக்கப் வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ரொம்ப.

கோவை_ஃபிட்டர் | இரவு 9.05

சந்தோஷம் தம்பி. ஹோனிங் பண்ணிவிட்டுப் பழைய ரிங்கையே போட்டார்களா, புதுசா? பழைய கார்புரேட்டரில் ஃப்ளோட் உயரம் பார்த்தீர்களா?