தாத்தா வீட்டுச் சொந்தங்கள் குரூப்: அடுப்பு ஒண்ணா ரெண்டா

கோமதி: (வாய்ஸ் மெசேஜ் 1:52)

செல்வி: மதினி பின்னாடி மிக்ஸி ஓடுது ஒண்ணுமே கேக்கல

கார்த்தி: நான் சொல்லுதேன் அத்தை. நேத்து கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு மூணு பேர் வந்துருக்காங்க, கழுத்துல ஐடி கார்டு, சுகர் பிரஷர் சர்வேன்னு. வீட்டுல இருக்க பெரியாளுங்க பேர் வயசு எல்லாம் எழுதி ஏதோ அட்டவணைய பாத்து கடைசில மணி சித்தப்பா பேர்ல வந்து நின்னுருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்க வருவாங்களாம். சித்தப்பா முடியாதுன்னுட்டாரு. வந்தவங்களுக்கு என்ன பதில் சொல்லன்னு அம்மா கேக்காங்க

மணி: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) மிக மிக அவசரம்!!! வீடு தேடி வந்து ரத்தம் எடுப்பவர்களிடம் உஷார். உங்கள் ரத்தம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப்படுகிறது. உடனே அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

சங்கர் துபாய்: மாமா உங்க ரத்தத்த வாங்கி அவன் என்ன பண்ணுவான் பாதி காப்பி தான இருக்கும்

செல்வி: ஏல சங்கரா சும்மா இரி

வசந்தா: பிரியாட்ட கேளுங்க. அவளுக்கு இதுதான வேலை

மணி: ஆமா. டாக்டருக்குப் படிக்க வச்சேன். ஊருல ஒரு கிளினிக் போடுவான்னு பாத்தா வீடு வீடா போயி இடுப்ப அளந்துட்டு இருக்கா

பிரியா: அப்பா இப்பதான் மீட்டிங் முடிச்சு பாக்கேன். விக்கதுக்கு எல்லாம் இல்லப்பா, அதிகபட்சம் ஒரு டீஸ்பூன் 5 மில்லி எடுப்பாங்க, சில பேருக்கு விரல் நுனில ஒரு குத்து அவ்வளவுதான். பேருக்குப் பதிலா நம்பர்தான் போகும். முதல்ல ஒரு படிவத்த வாசிச்சுக் காட்டி கையெழுத்து கேப்பாங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா வாட்ஸ்அப்ல வந்ததுக்காக வேண்டாம்னு சொல்லாதீங்க. ரிசல்ட்டும் உங்க கைல குடுப்பாங்க

மணி: எதிர்வீட்டு வாத்தியாருக்கு இருபது வருஷமா சுகர். அங்க போயி எடுக்க வேண்டியதுதான. நல்லா இருக்க மனுசன எதுக்கு குத்துதான்

பிரியா: அதுதான் கூடாதுப்பா. சுகர் இருக்கவங்க வீடா தேடிப்போய் எடுத்தா ஊருக்கே சுகர்னு கணக்கு வரும், கூப்பிட்டா வாரவங்ககிட்ட மட்டும் எடுத்தா பகல்ல வீட்டுல இருக்க பொம்பளைங்களும் ரிட்டயர்ட் ஆனவங்களும்தான் சிக்குவாங்க, மில்லுக்கும் வயலுக்கும் போறவங்க விட்டுப்போவாங்க. அதான் தெருவையும் குலுக்கி, வீட்டையும் குலுக்கி, வீட்டுக்குள்ள ஆளையும் குலுக்கி எடுக்கறது. குலுக்கல்ல வந்தவர் மாட்டேன்னா பக்கத்து வீட்டுக்காரர உக்கார வைக்க முடியாது. 2023ல ஐசிஎம்ஆர்னு மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட ‘இந்தியாப்’ (INDIAB)ங்கற சுகர் ஆய்வு வந்துதே, நாட்டுல 10.1 கோடி பேருக்கு சுகர், தமிழ்நாட்டுல 14.4 சதவீதம்னு எல்லா டிவியிலயும் சொன்னாங்க, அது இப்படி வீடு வீடா 1,13,043 பேரப் பாத்து எடுத்ததுதான். அதுல பெரும்பாலானவங்க உங்கள மாதிரி நல்லா இருக்கேன்னு சொன்னவங்கதான்

சங்கர் துபாய்: லெக்சர் ஆரம்பம் 🙋

பிரியா: அத்தான் உங்க இடுப்பு எத்தனை சென்டிமீட்டர்

சங்கர் துபாய்: நெட்வொர்க் சரியில்ல

செல்வி: ஞாயித்துக்கிழமை சுப்புவுக்கு தலைத்திவசம். அது யாருக்காவது ஞாபகம் இருக்கா. ஐயர் ஒன்பதரைக்கு வாராரு

கோமதி: (வாய்ஸ் மெசேஜ் 0:38)

கார்த்தி: வெறும் வயிறுன்னா கவலையில்ல, திவசத்தன்னைக்கு படைச்சப்புறம்தான எல்லாரும் சாப்பிடுவோம்னு அம்மா சொல்லுதாங்க. ரத்தம் குடுத்துட்டு ராஜி சித்தி வீட்டுக்குப் போயிரலாமாம்

பிரியா: அங்கதான் சிக்கல் பெரியம்மா. முதல் தடவ எடுத்ததும் குளுக்கோஸ் கரைச்ச தண்ணி குடிக்கச் சொல்லுவாங்க, 2 மணி நேரம் கழிச்சு மறுபடி ஒரு தடவ எடுப்பாங்க

வசந்தா: படையலுக்கு முன்ன சீனித்தண்ணியா. நடக்காது

மணி: அதான் நான் அப்பவே சொன்னேன்

சங்கர் துபாய்: மாமா நீங்க சொன்ன காரணம் வேற 😂

பிரியா: அப்ப திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. ஒரு தடவ ஆள் இல்லன்னா பேர அடிச்சுட்டுப் போறதில்ல, திரும்ப வருவாங்க. ஆமா ஒண்ணு கேக்கணும். பெரியம்மா வீட்டுக்கு வந்தவங்க அப்பா பேர எப்படி எழுதுனாங்க? ஒரே அடுப்புல பொங்கிச் சாப்பிடறவங்கதான் ஒரு குடும்பம்னு கணக்கு

கார்த்தி: அம்மா ஒரே அடுப்புன்னு சொல்லியிருக்காங்க

வசந்தா: சிலிண்டர் ரெண்டு பதியுதோம்

செல்வி: மதினி ஒரே அடுப்புன்னா சொன்னிய?? அண்ணன் போன அடுத்த மாசமே பின்கட்டுல தனி அடுப்பு வச்சாச்சே

கோமதி: (வாய்ஸ் மெசேஜ் 2:10)

கார்த்தி: இத நான் எழுத மாட்டேன்

சங்கர் துபாய்: நான் கேட்டுட்டேன். அத்தை சொல்லுதாங்க, வந்த புள்ளைங்க முன்னாடி வீட்டுப் பெருமைய விட்டுக்குடுக்க முடியுமா, விடிஞ்சா எழுந்தா ஒரே முத்தத்துலதான கோலம் போடுதோம், அதோட தனி அடுப்பு நான் வைக்கலங்காங்க. அப்புறம் அம்மா உனக்கும் ஒரு வரி இருக்கு, அந்த பித்தள அண்டா பத்தி

செல்வி: அண்டாவ என் கல்யாணத்துக்கு எங்க அம்மா குடுத்தது. இரவல் இல்ல

மணி: அண்டா மேட்டர இப்ப எடுக்காதிய

பிரியா: சண்ட போடாதீங்க. ஆனா அடுப்பு ரெண்டுன்னா ரெண்டு குடும்பம், அப்ப அந்தக் கதவு நம்பர்ல பெரியம்மா மட்டும்தான் வருவாங்க, அப்பா வர மாட்டாங்க. அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிருங்க, திருத்திக்கிடுவாங்க

மணி: அப்ப எனக்கு ரத்தம் இல்ல. விஷயம் முடிஞ்சுது

வசந்தா: ரத்தத்துக்குப் பயந்து தனிக்குடித்தனம் ஒத்துக்கிடுதாரு பாருங்க. இத்தன நாளா கேட்டா ஒரே வீடு ஒரே வீடும்பாரு

மணி: பயம் எல்லாம் இல்ல. எனக்கு 66. பிரஷர் நூறோட வயச கூட்டணும், 166 வர நார்மல்தான். எங்க ஆபீஸ் டாக்டர் சொன்னது

பிரியா: அது பழைய கணக்குப்பா. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு வருஷக்கணக்கா பிரஷர் ஏறிக்கிட்டே இருந்துச்சு, வயசானா அப்படித்தான்னு விட்ட காலம், 1945ல மூளைல ரத்தக்குழாய் வெடிச்சு செத்தாரு, அன்னைக்கு மேல் அளவு 300. மூணு வருஷம் கழிச்சு 1948ல பாஸ்டன் பக்கத்துல ஃப்ரேமிங்ஹாம்னு சின்ன ஊருல, மாரடைப்பே வராத 5,209 பேர எடுத்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க பிரஷர், கொலஸ்ட்ரால், பீடி சிகரெட் எல்லாம் குறிச்சு வச்சு யாருக்கு நெஞ்சுவலி வருதுன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க வர இன்னும் ஓடுது. பிரஷர் ஏறுனா இதயத்துக்கு ஆபத்து, வயசானா சகஜம்னு விடக்கூடாதுன்னு டாக்டர்களே நம்புனது அந்த நோட்டுப் புத்தகங்கள வச்சுதான். இப்ப 66 வயசுலயும் 140 தாண்டுனா பிரஷர்தான்பா

மணி: அவன் மாட்டுக்கறி திங்கான். நமக்கு அது பொருந்தாது

பிரியா: பொருந்துமான்னு தெரியத்தான் நம்மூர்லயும் அளக்கறது. சலீம் யூசுஃப்னு கேரளாக்காரர், கனடால இருக்காரு, 52 நாட்டுல மாரடைப்பு வந்தவங்களையும் வராதவங்களையும் ஒப்பிட்டு 2004ல ஒரு ஆய்வு போட்டாரு. பீடி, பிரஷர், சுகர், வயித்துக் கொழுப்பு, கொலஸ்ட்ரால்னு எல்லாம் சேத்து ஒன்பது விஷயம்தான் முக்கால்வாசிக்கும் மேல காரணம், எல்லா நாட்டுக்கும் அதே ஒன்பது. வித்தியாசம் என்னன்னா மத்தவங்களுக்கு முதல் அட்டாக் சராசரி 58.8 வயசுல வருது, இந்தியா இலங்கை பாகிஸ்தான் பக்கத்து ஆளுங்களுக்கு 53லயே

ராஜி: அவுகளுக்கு 51

செல்வி: ராஜி 😔

ராஜி: பிரியா ஒண்ணு கேக்கேன். அவுக ஒல்லிதான. 30 இஞ்ச் பேண்ட். பீடி கிடையாது தண்ணி கிடையாது. இந்த கணக்குல அவுக எங்க வாராவ

பிரியா: சித்தி, ஒல்லின்னு பாத்து சொல்ல முடியாது. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யுட்கின்னு அவரு ஃப்ரெண்ட், ரெண்டு பேரும் சேந்து நிக்கற போட்டோவ 2004ல லான்செட்டுங்கற மருத்துவப் பத்திரிகைல போட்டாங்க. உயரத்துக்கு எடை கணக்கு ரெண்டு பேருக்கும் அச்சா ஒண்ணு, 22.3. ஆனா உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. நமக்கு கை காலு மெலிஞ்சு வயித்துக்குள்ள தேங்குது, பொறக்கும்போதே எடை கம்மியா பொறந்து அப்படியே வருதுன்னு அவரு சொல்லுதாரு. சித்தப்பாவுக்கு என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது சித்தி, அவரு சுகரும் பாக்கல கொலஸ்ட்ராலும் பாக்கல

ராஜி: யாரு பாக்கச் சொன்னா. வாயுன்னு சோடா வாங்கிக் குடுத்தாவ

வசந்தா: ராஜி விடு மா

மணி: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

மணி: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

சங்கர் துபாய்: அம்மா வடைக்கு உளுந்து எவ்வளவு போடச் சொன்ன

செல்வி: ஒன்றரைப் படி. அப்பளம் மதினி வீட்டுல இருந்து

கார்த்தி: அம்மா தினம் நாலு அப்பளம் பிரியா. அத முதல்ல சொல்லு

பிரியா: பெரியம்மா ஒரு நாளைக்கே மொத்தம் ஒரு டீஸ்பூன் உப்புதான், 5 கிராம். அப்பளத்துல இருக்க உப்பும் அந்தக் கணக்குலயே வந்துரும்

கோமதி: (வாய்ஸ் மெசேஜ் 0:09)

கார்த்தி: கல்லிடைல பொறந்து அப்பளம் இல்லாம எதுக்கு உயிரோட இருக்கணும்னு கேக்காங்க

ராஜி: பிரியா எனக்கு சீட்டு விழல. நானும் குடுக்கேன்னா எடுப்பாவளா

பிரியா: சர்வேல முடியாது சித்தி, நீங்க அந்தப் பட்டியல்லயே இல்ல. ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல முப்பது தாண்டுன யாருக்கும் சுகர் பிரஷர் சும்மா பாப்பாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு ஒரு அக்கா வாராங்கல்ல, அவங்ககிட்ட சொன்னாலும் போதும். தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, அப்பாவுக்கு அம்பதுல வந்துருக்குன்னா அவன் இப்பவே பாக்கணும்

ராஜி: சரி

வசந்தா: ராஜி போறப்ப நானும் வாரேன். இவரையும் இழுத்துட்டு வாரேன்

மணி: ஞாயித்துக்கிழமை வேல எல்லாம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்

கார்த்தி: அப்ப வந்தவங்ககிட்ட ஒரே அடுப்பா ரெண்டு அடுப்பா, என்ன சொல்லன்னு அம்மா கேக்காங்க

செல்வி: உள்ளதச் சொல்லச் சொல்லு

வசந்தா: 👍

கோமதி: (வாய்ஸ் மெசேஜ் 0:21)

கார்த்தி: சனிக்கிழமை நீங்க எல்லாரும் வாங்க, உக்காந்து பேசிட்டு சொல்லுதேன்ங்காங்க. வாழைக்காய் யாரு வாங்குதா?

சங்கர் துபாய்: நான் துபாய்ல இருக்கேன்